வலது கை, இடது காது

அன்புள்ள ஐயா,

என் பேரன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். எழுத்து மனதில் நிற்கவில்லை என்று பள்ளியில் சொன்னதால் பினே-காமத் டெஸ்ட் என்ற அறிவுத்திறன் சோதனை எடுத்தோம். ஐ.க்யூ. (நுண்ணறிவு எண்; சராசரி 100) 82 என்று எழுதித் தந்தார்கள். வீட்டில் சரளமாகச் சொல்கிறவன் அங்கே பல கேள்விகளுக்கு வாயே திறக்கவில்லை. ஆறு வயதுக்கு இது தெரிய வேண்டும், ஏழு வயதுக்கு அது தெரிய வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

எஸ்.ஆர்., கரூர்

அன்புள்ள எஸ்.ஆர்.,

பிள்ளைகள்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு கேள்வியைப் பல வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்ப்பார்கள். எந்த வயதில் பெரும்பாலோர் சரியாகச் சொல்கிறார்களோ, அந்த வயதுக்கு அது போய்ச் சேரும்.

இந்த வகைச் சோதனையைப் பாரிஸில் உளவியலாளர் அல்ஃப்ரெட் பினேயும் தியோடோர் சிமோனும் 1905இல் 30 கேள்விகளோடு தொடங்கினார்கள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனிக் கவனம் கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். 1908இல் கேள்விகளை வயதுவாரியாக அடுக்கினார்கள். "வலது கையைக் காட்டு, இடது காதைக் காட்டு" என்ற கேள்வி அப்போது ஆறு வயதில் இருந்தது. 1911இல் அதே கேள்வி ஏழு வயதுக்குப் போனது. 1916இல் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் டெர்மன் ஏறத்தாழ 1,000 பிள்ளைகளைச் சோதித்து அதைத் திரும்ப ஆறுக்கே கொண்டுவந்தார். பிள்ளைகளின் காதும் கையும் மாறிவிடவில்லை. யாரிடம் கேட்டார்கள் என்பதுதான் மாறியது. பினேயே 1911இல் வாசிப்பதையும் சொல்வதைக் கேட்டு எழுதுவதையும் எடுத்துவிட்டார். பள்ளி சொல்லிக்கொடுத்ததை அறிவு என்று எண்ணிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. அந்த ஒரு திருத்தத்துக்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

உங்கள் பேரனிடம் கேட்ட டெஸ்ட்டை 1930களில் காமத் அன்றைய பம்பாய் மாகாணத்தில் கன்னடமும் மராத்தியும் பேசிய பிள்ளைகளை வைத்து அமைத்தார். நம் பிள்ளைகளுக்கென்று ஒருவர் உட்கார்ந்து செய்த அரிய உழைப்பு. ஆனால் அந்தப் பிள்ளைகள் இன்று கொள்ளுத்தாத்தாக்கள். அளவுகோலுக்கும் வயதாகும். அமெரிக்காவில் 1932 முதல் 1978 வரையான சோதனைகளை ஒப்பிட்ட ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின், சராசரி ஏறத்தாழ 14 புள்ளி ஏறியிருந்ததை 1984இல் காட்டினார். அதனால், இன்றைய பிள்ளையை அன்றைய பிள்ளைகளோடு ஒப்பிடும் பழைய அளவுகோல் ஒரு பிள்ளையின் எண்ணை உயர்த்தியும் காட்டலாம். பிள்ளை பயந்து வாய் மூடியிருந்தால் எண் தாழ்ந்தும் போகலாம். ஆகவே, "டெஸ்ட் தப்பு" என்று தாளைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சோதித்தவரிடம் மறுபடி போங்கள். எண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். எந்தெந்தக் கேள்வியில் நின்றான், தெரியாமல் நின்றானா, பேசாமல் நின்றானா என்று கேளுங்கள். அதைக் குறித்து வைத்திருப்பார்கள். புதிய அளவுகோல் கொண்ட வேறொரு சோதனையும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். எழுத்து நிற்காததற்கு என்ன உதவி என்பதைப் பள்ளியிடம் இப்போதே கேட்கலாம். இரண்டாவது எண்ணுக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை.