எதிர்முழக்கம் உள்ள ஆலயத்தில் எவ்வளவு மெதுவாக வாசிப்பது?

கேள்வி: எங்கள் பங்கு ஆலயம் பழைய கல் கட்டடம், கூரை மிக உயரம். ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்கள், "ஒன்றும் புரியல, மெதுவா வாசிம்மா" என்றார்கள். மெதுவாக வாசித்தும் அதே புகார்தான். என்ன செய்வது?

பதில்: அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் எதை மெதுவாக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. மெதுவாக என்றதும் நம்மில் பலர் உயிரொலியை இழுக்கிறோம். கல் கட்டடத்தில் அது கெடுதல்.

ஒலி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, நின்றபின்னும் வால்போல் நீடிப்பதுதான் எதிர்முழக்கம். ஓர் ஒலி நின்றபின் 60 டெசிபல் (ஒலியளவின் அலகு) அடங்குவதற்கு ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம். சிறிய வகுப்பறைக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிப்பது அதிகபட்சம் 0.6 நொடி. உங்கள் ஆலயத்தில் 4 நொடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒலி நொடிக்கு 15 டெசிபல்தான் இறங்கும். நொடிக்கு 5 அசை பேசினால், அடுத்த அசைக்குள் முந்தையது 3 டெசிபல் மட்டுமே தணிந்திருக்கும். உயிரொலிக்குப் பலம் அதிகம், மெய்யொலிக்குக் குறைவு. அதனால் முந்தைய உயிரின் வால் அடுத்த மெய்யை மூடிவிடுகிறது. நொடிக்கு 3 அசையாகக் குறைத்தால் தணிவது 5 டெசிபல், லாபம் சிறிதுதான். ஒரு நொடி வாய்மூடி நின்றால் 15!

ஆகவே சொற்களை இயல்பாகச் சொல்லுங்கள், சொற்றொடர்களுக்கு நடுவே நில்லுங்கள். உயிரை நீட்டினால் அறைக்குள் ஒலி சேர்ந்துகொண்டே போய் வாலும் தடிக்கும். ஜப்பானிய ஆய்வாளர் தகாயுகி அராய் குழுவினர் பேச்சில் மாறாமல் நீளும் பகுதிகளைக் கருவியால் தணித்து ஒலிபரப்பியபோது, எதிர்முழக்கம் உள்ள இடத்தில் பேச்சு தெளிவாகக் கேட்டது.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. 'பாட்டுகள்' என்னும்போது 'ட்'டில் நாக்கு அடைத்து ஒரு குட்டி மௌனம் வரும். அதை எதிர்முழக்கம் நிரப்பிவிட்டால் பின்வரிசைக்கு அது 'பாடுகள்' (இயேசுவின் துன்பங்கள்) என்று கேட்கலாம். தவக்காலத்தில் இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். இரட்டித்த வல்லினத்தை அழுத்தி, அடைப்பை முழுதாக வைத்திருங்கள்.

இன்னொன்று, நான் எல்லா வாசகர்களிடமும் மன்றாடிக் கேட்பது: வினைமுற்றை விழுங்காதீர்கள். நம் வாக்கியத்தில் 'செய்தார்', 'செய்யவில்லை' என்பது கடைசியில்தான் வருகிறது. அதற்குள் மூச்சு குறைந்து குரல் இறங்கிவிடும். முன்னால் சொன்ன அத்தனையும் அறையில் சுற்றிக்கொண்டிருக்கும். இல்லை என்ற சொல் காணாமல் போனால் வசனமே தலைகீழ். வினைக்கு முன் ஒரு சிறு இடைவெளி விட்டு, குரலை இறக்காமல் முடியுங்கள்.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். வால்யூமைக் கூட்டினால் வெளிச்சத்தமும் மின்விசிறி இரைச்சலும் அமுங்கும், அவ்வளவுதான். வாலும் கூடவே ஏறும். பின்வரிசைத் தூண்களில், கேட்பவர்களை நோக்கி, சிறு ஒலிபெருக்கிகள் இருந்தால் நல்லது, பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், சனிக்கிழமை வெறும் ஆலயத்தில் ஒத்திகை பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். ஞாயிறு கூட்டத்தில் எதிர்முழக்கம் குறையும். பத்துப் பேர் மட்டும் வரும் வாரநாள் பூசைக்குத்தான் இடைவெளி இன்னும் நீளமாக வேண்டும். ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, வாசகத்தில் வந்த வினைகளை மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே நிற்க வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.