சிதம்பரம் எம்பி தொகுதி வரலாறு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சிதம்பரம்னா டவுன் தொகுதி தானே, இத ஏன் கிராமத்து தொகுதின்னு சொல்றீங்க?

பேருதான் சிதம்பரம் தம்பி. குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம், புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில்னு ஆறு சட்டமன்றத் தொகுதி, பெரம்பலூர், அரியலூர், கடலூர்னு மூணு மாவட்டம். ஒரு பக்கம் வீராணம் ஏரி தண்ணில நெல்லு, இன்னொரு பக்கம் மானாவாரி காடும் சிமெண்ட் ஆலையும். 2008 மறுசீரமைப்புல குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் எல்லாம் கடலூருக்குப் போயி, அரியலூர் பக்கம் இங்க வந்து சேர்ந்துச்சு, அதனால 2004-க்கு முன்னாடி ஓட்டு கணக்கையும் 2009-க்கு பின்னாடி உள்ளதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பேசாதீங்க, ரெண்டும் வேற வேற ஊரு.

தனித் தொகுதின்னா எஸ்சி மக்கள் மட்டும்தான் ஓட்டு போடணுமா? காலேஜ்ல இதுக்கு பெரிய சண்டையே வந்துடுச்சு அண்ணா.

இல்லம்மா. சிதம்பரம் எஸ்சி மக்களுக்கு ஒதுக்கின தனித் தொகுதிதான், ஆனா நிக்கிறவங்க மட்டும்தான் பட்டியல் சாதியா இருக்கணும், ஓட்டு எல்லாரும் போடலாம். அம்பேத்கர் கேட்டது பட்டியல் மக்களே தனியா ஓட்டு போட்டு ஆள தேர்ந்தெடுக்கிற முறை, 1932 பூனா ஒப்பந்தத்துல அது கைவிட்டுப் போச்சு. அதனால இங்க ஒரு தலித் வேட்பாளர் ஜெயிக்கணும்னா வன்னியர் ஓட்டு, முஸ்லிம் ஓட்டு, மத்த சாதி ஓட்டு எல்லாம் வந்தாத்தான் முடியும். இத மனசுல வச்சுக்கிட்டு மத்த பதில படிங்க, இந்தத் தொகுதியோட கதையே இதுலதான் இருக்கு.

ஆரம்பத்துல யாரு ஜெயிச்சாங்க? தாத்தா இளையபெருமாள்னு ஒருத்தர சொல்லுவார்.

தாத்தா சொல்றது சரி. 1957-ல இது ரெட்டை உறுப்பினர் தொகுதி, ஒரு பொது இடம், ஒரு எஸ்சி இடம். கனகசபைப் பிள்ளையும் எல். இளையபெருமாளும் காங்கிரஸ்ல ஜெயிச்சாங்க. இளையபெருமாள் காட்டுமன்னார்கோவில் ஆளு. நாடு முழுக்க தீண்டாமை எப்படி இருக்குன்னு ஆராய 1965-ல போட்ட கமிட்டிக்கு அவருதான் தலைவர், 1969-ல அறிக்கை கொடுத்தாரு. அப்படி ஒரு வேலைய செஞ்சவர் பேரு இந்தப் பக்கத்துப் பசங்களுக்கே தெரியலங்கிறது எனக்கு ரொம்ப வருத்தம்.

1965 இந்தி எதிர்ப்புல அண்ணாமலை பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டுல செத்தாரு, அடுத்த தேர்தல்ல, 1967-ல, திமுகவோட மாயவன் ஜெயிச்சாரு, 71-லயும் அவரே. 77-ல அதிமுக, 80-ல திமுக. அப்புறம் 84, 89, 91 மூணு தடவையும் காங்கிரஸ் வள்ளல்பெருமான், 96-ல திமுக கணேசன்.

பாமக இங்க மூணு தடவ ஜெயிச்சுதாமே, தனித் தொகுதில எப்படி சார்?

பாமக வன்னியர் ஆதரவுல வளர்ந்த கட்சிதான், ஆனா இங்க நிறுத்தினது தலித் ஆளுங்கள. 1998-ல தலித் எழில்மலை, 1999-லயும் 2004-லயும் பொன்னுசாமி, ரெண்டு பேரும் தலித் வேட்பாளர்கள், மத்திய இணை அமைச்சரும் ஆனாங்க. கூட்டணிய பாருங்க, 98-ல அதிமுக கூட, 99-லயும் 2004-லயும் திமுக கூட. எழில்மலை பத்தி இன்னொரு விஷயம், 2001 இடைத்தேர்தல்ல அதிமுக சார்பா திருச்சி பொதுத் தொகுதில நின்னு ஜெயிச்சாரு. தலித் ஒருத்தர் பொதுத் தொகுதில ஜெயிக்கிறது எவ்வளவு அபூர்வம்னு தெரிஞ்சவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

விடுதலைச் சிறுத்தைகள் (விசிக) தலைவர் திருமாவளவன், நம்ம திருமா, இங்க எத்தன சின்னத்துல நின்னுருக்காரு?

1999-ல தமாகாவோட (தமிழ் மாநில காங்கிரஸ்) சைக்கிள், 2004-ல அம்பு, 2009-ல நட்சத்திரம், 2014-ல மோதிரம், 2019-லயும் 2024-லயும் பானை. முதல் ரெண்டும் தோல்வி. 2009-ல அதே பொன்னுசாமிய 99,083 ஓட்டுல ஜெயிச்சாரு. 2014-ல அதிமுக சந்திரகாசிகிட்ட 1,28,495-ல தோத்தாரு. ஒவ்வொரு தடவையும் புதுச் சின்னத்த குடிசை குடிசையா கொண்டு போயி, எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு படம் காட்டி சொல்லிக் கொடுக்கணும். எங்க தெருவுல ஒரு ஆயா 2019-ல ஓட்டு போட்டுட்டு வந்து, இடுப்புல குடம் வைக்கிற மாதிரி கைய வளைச்சுக் காட்டி “இதத்தான அமுக்கணும்?”னு கேட்டுச்சு. அரியலூர் மாவட்டம் பொன்பரப்பி கிராமத்துல அந்த ஓட்டுப்பதிவு அன்னிக்கு தலித் வீடுகள அடிச்சு நொறுக்கினாங்க, பானை சின்னத்துக்காக ஓட்டு கேட்ட ஜனங்க வீடு அது.

2019 ஓட்டு எண்ணின ராத்திரி என்னதான் நடந்துச்சு?

மத்த தொகுதியெல்லாம் மதியமே ஓரளவு தெரிஞ்சுடுச்சு, இங்க மட்டும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னிலை மாறிக்கிட்டே இருந்துச்சு. டீக்கடைல டிவி முன்னாடி நின்னவங்க ராத்திரி வரைக்கும் வீட்டுக்குப் போவல, கடைக்காரர் ஷட்டர பாதி இறக்கிட்டு உள்ள டிவிய ஓட விட்டாரு. கடைசில திருமா 5,00,229, அதிமுக சந்திரசேகர் 4,97,010. வித்தியாசம் 3,219. எங்களுக்கு ஏன் அவ்வளவு பயம்னா 2016-ல காட்டுமன்னார்கோவில் சட்டமன்றத் தொகுதில திருமா 87 ஓட்டுல தோத்தத பாத்தவங்க நாங்க.

2024-ல ஒரு லட்சத்துக்கு மேல வித்தியாசம், அப்ப செல்வாக்கு கூடிடுச்சு தானே அண்ணே?

இதத்தான் எல்லாரும் சொல்றாங்க, கணக்க பாருங்க. திருமா வாங்குன ஓட்டு 2019-ல 5,00,229. 2024-ல 5,05,084. கூடினது அஞ்சாயிரத்துக்கும் கம்மி. ஆனா வித்தியாசம் 3,219-லேந்து 1,03,554 ஆயிடுச்சு. 2019-ல அதிமுக, பாமக, பாஜக ஒரே கூட்டணி. 2024-ல அதிமுக தனி, பாமக பாஜக கூட. அதிமுக சந்திரஹாசன் 4,01,530, பாஜக கார்த்தியாயினி 1,68,493, ரெண்டையும் கூட்டினா 5,70,023 வருது. ஓட்ட அப்படியே கூட்டிட முடியாது, அதிமுக காரங்க எல்லாரும் பாஜகவோட சேர்ந்தா போடுவாங்கன்னு சொல்ல முடியாது, ஆனாலும் எதிர்ல உள்ளவங்க பிரிஞ்சதாலதான் இவ்வளவு பெரிய நம்பர் வந்துச்சுங்கிறத மறைக்கக் கூடாது. நான் திருமாவுக்கு ஓட்டு போட்டவன்தான், அதனாலயே சொல்றேன், அந்த அஞ்சு லட்சம் ஏழு லட்சமாகணும்னா அடுத்த தெருவுக்குப் போயி பேசணும்.

அடுத்த தடவயும் பானை சின்னம் கிடைக்குமா?

கிடைக்கும். 2024-ல சிதம்பரம், விழுப்புரம் ரெண்டும் ஜெயிச்சதால விசிக-வுக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் வந்து பானை நிரந்தரமாச்சு. அந்த ஆயாவுக்கு இனிமே புதுப் படம் காட்ட வேண்டாம்.