டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. வயதின் காரணமாக இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகியிருக்கிறது. உலர் வகை, இடைநிலை என்கிறார் டாக்டர். பேப்பர் படிக்க முடியாமல் தவிக்கிறார். ‘மூன்றே மாதத்தில் பார்வை திரும்பும்’ என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் 3,800 ரூபாய்க்கு மாத்திரை வாங்கினேன். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியும் வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். (அப்பாவால் அதைப் படிக்க முடியாது, விற்பவருக்கு அதுதான் வசதி.) அதை ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது: இந்த நோய்க்குச் சத்து மாத்திரை உதவுமா என்று சோதித்த, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் ஏரெட்ஸ்-2 ஆய்வு. அதன் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. அதன் கலவையில் வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 யூனிட், லூட்டீன் 10 மி.கி., ஸியாசாந்தின் 2 மி.கி. (இரண்டும் விழித்திரையில் உள்ள நிறமிகள்), துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி. ஒரு நாளைய அளவு. உங்கள் டப்பாவில் லூட்டீன் மட்டும் பெரிதாக இருந்து மற்றவை பெயருக்கு இருந்தால், நீங்கள் வாங்கியது வேறு சரக்கு. பீட்டா கரோட்டின் இருந்து, அப்பா புகைப்பவராகவோ முன்பு புகைத்தவராகவோ இருந்தால் தொடவே வேண்டாம். அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்.

கலவை சரியாகவே இருந்தாலும், இடைநிலையில் இருப்பவருக்கு நோய் முற்றும் வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். போன பார்வையைத் திருப்பித் தராது. டாக்டரிடம் காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். பார்வையிழப்பைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. பில்லையும் விளம்பரத்தின் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள்.

பூதக்கண்ணாடிக்கு வருகிறேன். என் பெரியம்மாவுக்கு நானும் பத்து மடங்குதான் வாங்கிக் கொடுத்தேன். அதைக் காகிதத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேலே, அசையாமல் பிடிக்க வேண்டும். முகத்தையும் அதற்குள் புதைக்க வேண்டும். ஒரு தடவைக்கு நாலைந்து எழுத்துதான் தெரியும், கை நடுங்கினால் அதுவும் துள்ளும். மூன்றாம் நாள் அது அலமாரிக்குப் போய்விட்டது. மடங்கு கூடக் கூடத் தெரியும் பரப்பு சுருங்கும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. காகிதத்தின் மேலேயே வைத்து நகர்த்தும்படி கால் வைத்த, விளக்குள்ள மூன்று நான்கு மடங்கு லென்ஸ்தான் பலருக்கும் ஒத்துவருகிறது. ஆனால் பார்க்காமல் வாங்காதீர்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு உண்டு. அங்கே பலவற்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அப்பா வழக்கமாகப் படிக்கும் பேப்பரையே எடுத்துக்கொண்டு போங்கள்.

அதற்கு முன்பு, வளைக்கக்கூடிய ஒரு மேசை விளக்கு வாங்குங்கள். பல்பு கண்ணில் அடிக்காமல், பக்கவாட்டிலிருந்து காகிதத்தின் மேல் விழட்டும். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால் கேமராவிலேயே தலைப்பைப் பெரிதாக்கலாம். செய்தியை வாசித்துக் காட்டும் வசதிக்கும் காசில்லை.

இன்னொன்று, இதற்குச் செலவே கிடையாது. தினமும் காலையில் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பார்க்கட்டும். பிறகு மற்றக் கண்ணால். நேற்று நேராக இருந்த கம்பி இன்று வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால், உலர் வகை ஈர வகையாக, அதாவது விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் கசியும் வகையாக, மாறியிருக்கலாம். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. தள்ளிப்போட்டால் பலன் குறையும். அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே விழித்திரை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.