டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் வரி இடைவெளியை அமைப்பது எப்படி?

கட்டம் போட்ட பில் தாளில் கால் அங்குலத்துக்கு ஒரு வரி விழ வேண்டும், ஆனால் எழுத்துகள் போகப்போகக் கட்டத்தை விட்டு விலகுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எப்சன் பிரிண்டர்களும், அவற்றின் ஈஎஸ்சி/பி கட்டளைகளை ஏற்கும் பிற பிரிண்டர்களும், இயல்பாக அங்குலத்துக்கு 6 வரி அச்சிடுவதே இதற்குக் காரணம்.

கட்டளை தொடங்குவதைப் பிரிண்டருக்குச் சொல்லும் எஸ்கேப் குறியைத் (27) தொடர்ந்து '0' அனுப்பினால் அங்குலத்துக்கு 8 வரியும், '2' அனுப்பினால் மீண்டும் 6 வரியும் கிடைக்கும். இவை இலக்க எழுத்துகள் என்பதால், அவற்றின் ஆஸ்கி மதிப்புகளான (எழுத்துகளைக் குறிக்கக் கணினி பயன்படுத்தும் எண்கள்) 48, 50 ஆகியவையே போக வேண்டும். பலரும் தடுமாறும் இடம் இதுதான்.

கால் அங்குலத்துக்கு ஏற்றது எஸ்கேப் '3' என்ற கட்டளை. அது அடுத்து வரும் எண்ணை அச்சுத் தலையில் 9 ஊசிகள் கொண்ட (9 ஊசி) பிரிண்டரில் 216 ஆலும், 24 ஊசி பிரிண்டரில் 180 ஆலும் வகுத்து, வரும் விடையை அங்குலமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே முன்னதற்கு 27, 51, 54 என்றும், பின்னதற்கு 27, 51, 45 என்றும் அனுப்புங்கள். 24 ஊசி பிரிண்டருக்குத் தவறி 54 போனால் இடைவெளி 0.3 அங்குலமாகிவிடும், பத்து வரி நகர்வதற்குள் அச்சு அரை அங்குலம் கீழே இறங்கியிருக்கும்.

தாளின் நீளத்தையும் கூடவே சொல்லிவிடுவது நல்லது: 11 அங்குலத் தாளுக்கு 27, 67, 0, 11. விண்டோஸ் டிரைவர் பக்கத்தைப் படமாக மாற்றி அனுப்பினால் இக்குறிகள் வேலை செய்யா. பைட்டுகள் மாற்றமின்றி நேரடியாகப் பிரிண்டரை அடைய வேண்டும். 27, 64 அனுப்பினால் இயல்பு இடைவெளி திரும்பிவிடும் என்பதால், அதைத் தொடக்கத்தில் மட்டும் அனுப்புங்கள்.