"நீ தாங்கமாட்டே" என்றால் கை ஏன் ஓடவில்லை? – கேள்வி பதில்

வேலையிட உறவுகள் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார நண்பர்கள் கேட்டவற்றுக்கு, தோட்ட நிர்வாகத்தில் ஆள் பயிற்சி பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, செம்பனைப் (எண்ணெய்ப்பனை) பழம் வெட்டப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். காலைப் பெரட்டிலேயே (ஆள் கணக்கெடுப்பில்) மண்டோர் (மேற்பார்வையாளர்), "நீயெல்லாம் தாங்கமாட்டே" என்கிறார். அப்புறம் கையே ஓடவில்லை. இது என் மனப்பிரமையா?

பிரமை இல்லை தம்பி. டோவ் ஏடன், ஷானி என்ற ஆய்வாளர்கள் இஸ்ரேலிய ராணுவத்தில் 105 பயிற்சி வீரர்களை வைத்துச் சோதித்து, 1982இல் வெளியிட்டார்கள். சிலரைக் குருட்டாம்போக்கில் பொறுக்கி, "இவர்கள் கெட்டிக்காரர்கள்" என்று பயிற்றுநர்களிடம் சொல்லிவைத்தார்கள். கடைசியில் அவர்களே தேர்வில் முந்தினார்கள்.

உங்கள் மண்டோர் செய்வது இதற்குத் தலைகீழ். ஆனால் வாய்ச்சொல்லை விட, அதன் பின்னால் நடப்பதைக் கவனியுங்கள். தேறமாட்டான் என்று முடிவுகட்டிய ஆளுக்கு மேட்டு நிரை போகும். காய்க்குலையை வெட்டிவிட்டால் திட்டு விழும். மரத்தடியில் எவ்வளவு உதிரிப்பழம் கிடந்தால் வெட்டலாம் என்று காட்டித்தர ஆள் இருக்காது. தெரியாமல் மறுபடி தப்புச் செய்வீர்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்பார்.

நாளைக்கு ஒரு குலையைக் காட்டி, "அண்ணே, இதை வெட்டலாமா?" என்று கேளுங்கள். திட்டிக்கொண்டேயாவது சொல்லித்தருவார். சொல்லித்தந்த ஆளை உதவாக்கரை என்று சொல்ல அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்!

கேள்வி: கையுறை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எல்லாரையும் "நல்லா செய்றீங்க" என்றுதான் பாராட்டுகிறேன். உற்பத்தி அப்படியே நிற்கிறதே?

எல்லாருக்கும் ஒரே பாராட்டு என்றால் அது காலை வணக்கம் மாதிரி ஆகிவிடும் அம்மா. 1968இல் வெளிவந்த பள்ளிக்கூட ஆய்வால் பேர்பெற்ற உளவியலாளர் ராபர்ட் ரோசெந்தால், எதிர்பார்ப்பு நான்கு வழியில் இறங்குகிறது என்றார்: முகம் கொடுத்துப் பேசுவது, கூடுதலாகக் கற்றுத்தருவது, செய்து பார்க்க வாய்ப்புக் கொடுப்பது, செய்ததில் எது சரி எது தப்பு என்று தெளிவாகச் சொல்வது. நீங்கள் முதலாவதோடு நின்றுவிட்டீர்கள். பின்தங்கிய ஒருவருக்குக் கொஞ்சம் கடினமான வேலையைப் பழக்குங்கள். முன்பு யாரும் பெரிதாக நம்பாதவர்களிடம்தான் இதன் பலன் அதிகம் என்று பிந்திய ஆய்வுகள் காட்டின.

கேள்வி: மேனேஜருக்கென்று ஆபீசில் ஒரு கூட்டம். நான் அவர்களோடு டீ குடிக்கப் போவதில்லை. ஓரங்கட்டுகிறார்.

மேலாளர்கள் கீழே உள்ளவர்களை உள்வட்டம், வெளிவட்டம் என்று பிரித்துவிடுவதை ஆய்வாளர் ஜார்ஜ் கிரேன் 1970களிலேயே எழுதினார். டீ குடிக்கப் போகவேண்டாம். அவருக்குத் தலைவலியாக இருக்கும் ஒரு வேலையை, மாதக் கடைசிக் கணக்கு மாதிரி, கேட்டு வாங்குங்கள். அதன்பிறகும் ஒதுக்கினால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: சம்பளம் கூடினால் இதெல்லாம் தேவையா?

தேவைதான். ஆனால் 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்ச ஊதியத்தைக் கூட ஒழுங்காகக் கொடுக்காமல் "உன்னால் முடியும்" என்று பேசுகிற முதலாளியை நான் மதிப்பதில்லை.

கேள்வி: அப்படியென்றால் "என்னால் முடியும்" என்று நானே சொல்லிக்கொண்டால் போதுமா?

கொஞ்சம் உதவும். ஏடனும் ஸுக்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், "உங்களுக்குக் கடல்மயக்கம் அவ்வளவாக வராது, வந்தாலும் வேலை கெடாது" என்று நம்பவைக்கப்பட்ட கடற்படைப் பயிற்சியாளர்களுக்கு மயக்கமும் குறைந்தது, வேலையும் மேம்பட்டது. ஆனால் ஒருமுறை செய்து முடித்த அனுபவம் தரும் தெம்புக்கு ஈடு கிடையாது என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. "முடிந்தவரை செய்வேன்" என்று விடாமல், இந்த வாரம் காய்க்குலை ஒன்றுகூட வெட்டமாட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை எண்ணிப் பார்க்கலாம்.