சேலத்திலிருந்து அந்தமானுக்குக் குடிபோகலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

2008 முதல் 2022 வரை போர்ட் பிளேரில் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே வேலை. நான் தமிழ்வழி வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். அந்தமானுக்குப் போகலாமா என்று நம்ம ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். 2024 செப்டம்பரில் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. எனக்கு வாயில் வருவது போர்ட் பிளேர்தான்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, கல்யாணமாகி ஜனவரியில் ரெண்டு பேரும் போய்ட்டு வந்தோம். திரும்பி வரவே மனசில்லை. எனக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. அங்கேயே இருந்துடலாமா? நெட் கிடைக்குமா?

நெட் கிடைக்கும் தம்பி. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிள் வேலை செய்ய ஆரம்பித்தது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன்னால் எல்லாம் செயற்கைக்கோள் வழிதான். மகள் அனுப்பிய ஒரு போட்டோ திறப்பதற்குள் குக்கரில் மூணு விசில் வந்துவிடும். இப்போது நகரத்துக்குள் வேலை ஓடும். இருந்தாலும் ரெண்டு நிறுவனத்து இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

என் கவலை நெட் இல்லை. நீங்கள் பார்த்தது ஜனவரி. ஜனவரியில் அந்தமானைப் பார்க்கிற யாருக்கும் திரும்ப மனசு வராது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால், அது ஓய்ந்த கையோடு வடகிழக்கு மழை வந்து டிசம்பர் வரைக்கும் இழுக்கும். வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர்; நம்ம சேலத்து மழையைப் போல மூணு மடங்கு. துணி காயாது, உப்பு டப்பாவில் தண்ணீர் நிற்கும், நாலு நாள் சேர்ந்தாற்போல சூரியன் தெரியாது. வேலையை விடுவதற்கு முன்னால், இல்லை வீட்டைக் காலி பண்ணுவதற்கு முன்னால், ஜூலையில் பத்து நாள் போய் இருங்கள். ஹோட்டலில் வேண்டாம். வாடகை அறை எடுத்து, சமைத்துச் சாப்பிட்டு, துவைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரிக்கும் அது பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள்.

கொண்டலாம்பட்டி: வெயில் நம்மூரைவிட அதிகமாங்க?

இதைச் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். சேலமும் போர்ட் பிளேரும் ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, ரெண்டும் வடக்கே பதினொன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். சேலத்திலிருந்து நேர்கிழக்காகக் கோடு இழுத்தால் வங்கக்கடலைத் தாண்டிக் கிட்டத்தட்ட எங்கள் வீட்டு வாசலில் போய் நிற்கும். ஆனால் பதினாலு டிகிரிக்கு மேல் கிழக்கே தள்ளி இருப்பதால், கடிகாரம் ஒன்றே என்றாலும் சூரியன் ஒரு மணி நேரம் முந்திவிடும். நவம்பர் கடைசியில் சாயங்காலம் ஐந்து அடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிடும். புதுசாகப் போகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, முதல் வருஷம் அந்த ஐந்து மணி இருட்டு மனசை அழுத்தும். எனக்கு அழுத்தியது. அங்கே இருப்பவர்கள் நாலரைக்கே எழுந்து விடுகிறார்கள். நீங்களும் அப்படி மாறிக்கொண்டால் சரியாகிவிடும்.

சேலத்துச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும், அங்கே அவ்வளவு ஏறாது. ஆனால் வேர்வை உடம்பிலேயே நிற்கும்.

ஓமலூர்: சாமான்களைக் கப்பலில் கொண்டுபோகலாமா? எத்தனை நாள் ஆகும்?

சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல் சுமார் மூணு நாள். விமானத்தில் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கப்பல் தினசரி கிடையாது, தேதியும் வானிலையைப் பொறுத்துத் தள்ளிப்போகும். அதனால் கப்பலை நம்பி ரயில் டிக்கெட்டை நெருக்கமாகப் போடாதீர்கள். பலர் ஒரே கூடத்தில் படுத்துவரும் பங்க் வகுப்பு மலிவு. குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் அறை எடுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும், மற்ற மாதங்களில் வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும். எலுமிச்சை ஊறுகாயும் இருக்கட்டும்.

பைக்கையும் ஏற்றலாம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே ஓட்டுவதாக இருந்தால் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று கேட்பார்கள். கிளம்பும் முன்னால் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அதற்காகவே ஒரு தடவை சேலம் வர வேண்டியிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசு பட்டறைக் குடும்பத்து அம்மா: என்னென்ன எடுத்துப் போகணும், எதை விட்டுட்டுப் போகணும்?

இரும்பு பீரோவை விட்டுவிடுங்கள் அம்மா. நாங்கள் இங்கிருந்து ஆசையாகக் கொண்டுபோன பீரோ ரெண்டே மழையில் கீழ்த்தட்டெல்லாம் துரு ஏறி உதிர்ந்தது. கடல் காத்து உப்புக் காத்து. கல்யாணப் பட்டை மடித்து வைத்துவிட்டு நாலு மாசம் பார்க்காமல் விட்டேன். பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. வெள்ளிச் சாமான் சீக்கிரம் கருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல பட்டையும் அதிகப்படி வெள்ளியையும் சேலத்திலேயே நம்பிக்கையான இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். சான்றிதழ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

கிரைண்டர், எவர்சில்வர் பாத்திரம், புளி, மிளகாய்த்தூள் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். மரச்சாமான் அங்கேயே படாக் மரத்தில் அழகாகக் கிடைக்கும், ஆனால் திரும்பும்போது கொண்டுவர வனத்துறை அனுமதி வேண்டும். கடற்கரையில் கிடக்கிற சிப்பி, பவளத்தையும் எடுத்துவரக் கூடாது.

அம்மாபேட்டை: தண்ணி, காய்கறி எப்படி?

அவ்வளவு மழை பெய்தும் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம். போர்ட் பிளேருக்குத் தனிக்காரி அணைதான் முக்கிய ஆதாரம். பிப்ரவரி முதல் மழை வருகிற வரை குழாயில் சில நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஹாலைப் பார்க்காதீர்கள், தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்.

மீன் அருமை. தேங்காய், வாழை அங்கேயே விளையும். உருளை, வெங்காயம் போன்றவை கப்பலில் வருகின்றன. கப்பல் தாமதமானால் விலை ஏறும். பெட்ரோலுக்கு வரி குறைவு.

வாழப்பாடி: பிள்ளைங்க படிப்புக்கு இந்தி தெரியணுமா?

கடைத்தெருவில் எல்லாருக்கும் பொதுவான பேச்சு இந்திதான். ஆனால் 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் இருந்த 3.8 லட்சம் பேரில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத் தமிழ்தான் தாய்மொழி. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அபர்தீன் பஜாரில் தமிழிலேயே சாமான் வாங்கலாம், வெற்றிமலை முருகன் கோவிலில் பங்குனி உத்திரம் விமரிசையாக நடக்கும். சில அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி உண்டு. பிள்ளைகள் ஆறு மாசத்தில் இந்தி பிடித்துக்கொள்வார்கள். தமிழ் எழுதுவதை விட்டுவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்காடு, நாகலூர்: எங்களுக்குக் காபி, மிளகுத் தோட்ட அனுபவம் இருக்கு. அங்கே இடம் வாங்கி நடலாமா?

மிளகு நன்றாக வரும். தென்னை, பாக்குத் தோப்புக்குள் மிளகு, பட்டை, ஜாதிக்காய் ஊடுபயிராக வைக்கிறார்கள். போர்ட் பிளேரில் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முதலில் அங்கே போய் ஒரு நாள் முழுக்கப் பேசுங்கள். உங்கள் ஏற்காட்டு அராபிகா அங்கே வேண்டாம். அது குளிர்ந்த உயரம் கேட்கிற செடி. அந்தமானில் மிக உயரமான சேடில் பீக்கே 732 மீட்டர்தான். ஏற்காட்டில் பாதி.

இடம் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், அவசரப்படாதீர்கள். நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் காடு. மிச்சம் கொஞ்சம்தான், அதற்கும் தனி நிலச்சட்டம். சென்னையில் உட்கார்ந்து படம் காட்டுகிற தரகருக்கு முன்பணம் தராதீர்கள். ரெண்டு வருஷம் வாடகைக்கு இருந்து, உள்ளூர் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிய பிறகு முடிவெடுங்கள்.

தாழ்வான நிலமும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தரையே தாழ்ந்துபோனது. சிப்பிகாட் பக்கம் நெல் விளைந்த வயலுக்குள் கடல் தண்ணீர் ஏறியது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களைப் பார்த்து, யார் வீட்டு வரப்போ என்று நினைப்பேன்.

ஆத்தூர்: ஜாரவா மக்களைப் பார்க்க முடியுமாங்க?

பார்க்கப் போகாதீர்கள். ஜாரவா அந்தமான் காட்டில் வாழும் பழங்குடி மக்கள். பாராடாங் தீவுக்குப் போகிற சாலை அவர்கள் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள். நிறுத்துவது, படமெடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாம் குற்றம். நம்மிடமிருந்து ஒட்டுகிற சாதாரணக் காய்ச்சல் அவர்களுக்குப் பெரிய ஆபத்து. அது அவர்கள் வீடு.

அழகாபுரம், ஒரே மகன்: அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. அவங்க சேலத்துலதான் இருப்பேங்கறாங்க. நான் போகலாமா அக்கா?

இதற்குப் பதில் எழுதத்தான் ரொம்ப நேரம் ஆனது.

என் அப்பா ஒரு ஜூன் மாதத்தில் தவறினார். காலை ஆறு மணிக்கு போன் வந்தது. அன்றைக்கு மழை மூட்டம். சென்னையிலிருந்து வந்த விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போய்விட்டது. மறுநாள்தான் இடம் கிடைத்தது. சென்னையில் இறங்கி, காரில் சேலம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் வருகிற வரை வைத்திருக்க முடியவில்லை என்று அண்ணன் அழுதான். யார் மேலும் தப்பில்லை. நடுவில் கடல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவர்களை அழைத்துப்போனாலும் யோசிக்க வேண்டியது இருக்கிறது. ஜி.பி. பந்த் மருத்துவமனை பெரிய அரசு ஆஸ்பத்திரி, எங்களை நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் சிக்கலான இதய, மூளை சிகிச்சை என்றால் பல நேரம் சென்னைக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

பெற்றோர் பக்கத்தில் தங்கை, சித்தப்பா மகன் என்று நம்பிக்கையான ஒருவர் இருந்தால் மூணு வருஷம் என்று கெடு வைத்துக்கொண்டு போங்கள் தம்பி. அவசர டிக்கெட்டுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். யாருமே இல்லையென்றால், இப்போது போகாதீர்கள்.

குகை, ஒரு பாட்டி: பேத்தி அங்கதான் இருக்கா. மாம்பழம் கொடுத்தனுப்பலாமா கண்ணு?

கொடுத்தனுப்புங்கள் பாட்டி. விமானம் என்றால் பழுக்கத் தொடங்கிய பதத்தில், கப்பல் என்றால் நல்ல காயாக. குண்டு மாங்காயை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, வைக்கோல் போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள், காற்றுப் போக ஓட்டை போடுங்கள். என் அம்மா அப்படித்தான் அனுப்புவார். பெட்டியைத் திறந்தால் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா வரைக்கும் மணம் போகும். அவர்களுக்கும் ரெண்டு சேர்த்து வையுங்கள்.