மூன்று முறை இ.சி.ஜி. எடுத்தும் படபடப்பு போகவில்லை

கேள்வி: எனக்கு வயது 46. முக்கூடலில் வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுகிறேன். ஐந்து மாதங்களுக்கு முன்பு பக்கத்து வீட்டு அக்கா மாரடைப்பில் இறந்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து, பாளையங்கோட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, விரல்கள் மரத்து இழுத்துக்கொண்டன. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பிறகு வீட்டிலும் நான்கைந்து முறை வந்துவிட்டது. மூன்று முறை இ.சி.ஜி., ஒரு முறை எக்கோ எடுத்தாயிற்று. "ஒன்றுமில்லை" என்கிறார்கள். "எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார் கணவர். கையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை. எனக்கு என்னதான் செய்கிறது?

பதில்: அம்மா, "ஒன்றுமில்லை" என்ற சொல்லை டாக்டர்கள் நாங்கள் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறோம். இதயத்தில் கோளாறில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். படபடப்பு நிஜம், மூச்சு முட்டியது நிஜம். உங்கள் கணவரிடம் இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது 'பேனிக் அட்டாக்' என்றே தோன்றுகிறது. வரப்பில் நடக்கும்போது காலடியில் பாம்பு ஓடினால் என்ன ஆகும்? அட்ரினலின் சுரந்து, நெஞ்சு அடித்து, உடல் ஓடத் தயாராகும். பஸ்ஸில் பாம்பு இல்லை. அக்காவின் சாவு நினைவில் இருந்தது, அதுவே போதுமானதாகிவிட்டது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்து இழுப்பதற்கும் தலை சுற்றுவதற்கும் அதுதான் காரணம். உடனே "ஐயோ, கை மரக்கிறதே" என்று இன்னும் வேகமாக மூச்சு வாங்குவோம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரைமணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். குளுக்கோஸ் வாயில் போட்டதால் சரியானது என்று நினைத்திருப்பீர்கள். போடாவிட்டாலும் இறங்கியிருக்கும்.

உங்கள் தொழிலையும் கவனிக்க வேண்டும். மடியில் தட்டை வைத்து நாள் முழுக்கத் தூளை அளைகிறீர்கள். பீடி சுற்றுபவர்களுக்குத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோட்டின் உடலில் சேர்கிறது. அது நாடித்துடிப்பைக் கூட்டும். ஆயிரம் பீடிக் கணக்கை முடிக்க இடையிடையே கடுந்தேநீரும் குடிப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தேநீரை இரண்டு வேளையாகக் குறையுங்கள். காற்றோட்டமாக வாசல் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுங்கள், கை கழுவாமல் சாப்பிட வேண்டாம். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள். இரண்டில் எதில் கோளாறு இருந்தாலும் படபடப்பு வரும். நான்காவது இ.சி.ஜி. வேண்டாம். ஆனால் நடக்கும்போது, மாடி ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மயங்கி விழுந்தாலோ அது வேறு விஷயம். உடனே 108ஐ அழையுங்கள்.

படபடப்பு வரும்போது எழுந்து ஓடாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். கட்டுக்கு இருபத்தைந்து என்று எண்ணிப் பழகிய உங்களுக்கு எண்ணிக்கை சொல்லித்தர வேண்டியதில்லை.

சொந்தமாக மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். அல்பிரசோலம் போன்றவை உடனே அடக்கும், பிறகு விடாது. மனநல மருத்துவர் இதற்குத் தொடர்ந்து சாப்பிடத் தரும் மாத்திரைகள் பெரும்பாலும் அந்த ரகமில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், அவ்வளவுதான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் பேசுங்கள்; டெலி மனஸ் என்ற அரசு உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இனி பஸ். பயந்து ஒதுங்கிய ஒவ்வொரு நாளும் பயத்துக்குத் தீனிதான். முதல் வாரம் கணவருடன் இரண்டு நிறுத்தம் போய்த் திரும்புங்கள். அடுத்த வாரம் தனியாக அதே தூரம். படபடப்பு வந்தால் வரட்டும், இறங்காதீர்கள். மூன்றாம் வாரம் குளுக்கோஸை வீட்டில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கூடுதல் தூரம். பாளையங்கோட்டைக்குப் புறப்படும் அன்று மட்டும் மகளிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள், போய்ச் சேருவதற்குள் "அம்மா, நெஞ்சு எப்படி இருக்கிறது?" என்று பத்து முறை போன் செய்துவிடுவார்.